கையெழுத்து வாங்கிவரும் கார்டு

அக்கா, நீங்க ஜன்னல் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா? எல்லாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவாங்க, நான் வேண்டாம்னு சொல்றேன். பாப்பாவுக்குக் காற்று ஆகாது, அதுதான்... இல்லை, அது பொய். காற்று அவளை ஒன்றும் செய்யாது. ரோட்டில் போகிறவர்களுக்கு என் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். தப்பாக நினைக்காதீங்க. யார் வீட்டிலும் எதையும் எடுத்துக்கொண்டு வரவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை சொல்லட்டுமா? எதிரே மினி லாரி வந்தால் சொல்லுங்க. நீல வண்டி. வாழைத்தார் ஏற்றியிருக்கும், இல்லாவிட்டால் காலியாக வரும். முன் கண்ணாடியில் ‘கனிஷ்கா’ என்று மஞ்சள் எழுத்தில் ஒட்டியிருக்கும். இவள் பேர்தான் அது. பெற்ற பிள்ளையின் பேரை வண்டியில் ஒட்டிவைக்கிற அளவுக்கு இவள் அப்பாவுக்குப் பாசம். அந்தப் பாசத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

எனக்குப் பேச வராது அக்கா. பேர் நாகஜோதி. ஆனால் நார் மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஊமைச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு என்னவோ வாய் நிற்கமாட்டேன் என்கிறது. பழனியில் பஸ் ஏறினதிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொன்னால் கொஞ்சம் அடங்கும் போலத் தோன்றுகிறது. நீங்களும் உடுமலையில் இறங்கிவிடுவீங்க, அப்புறம் நான் யாரோ, நீங்க யாரோ.

இன்றைக்கு நான் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்கிறேன் அக்கா. என் புருஷனுக்கு.

சிரிக்காதீங்க. உங்களுக்கு அது சாதாரணம். நான் ஆறாவது வரைக்கும் படித்தவள். போஸ்ட் ஆபீஸ் படி ஏறினதே இன்றைக்குத்தான்.

அவர் பேர் வனராஜ். சின்னமனூர். வாழை லோடு ஓட்டுகிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார்கள். கோபம் வந்தால் மட்டும் கை நீளும். வீட்டில் இருக்கிறது நான் ஒருத்தி, அப்புறம் யார் மேல் நீளும்? இந்த மணிக்கட்டைப் பாருங்க, கோணலாக ஒட்டியிருக்கிறதா? இப்போது வலி இல்லை. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரு நாள் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் இவளை உட்கார வைத்தார். அப்போது இவள் தவழ்கிற பிள்ளை. ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கிட்ட வந்த, விட்டுருவேன்” என்றார். எதற்குத் தெரியுமா? குழம்பில் புளி கூடிப்போய்விட்டது. சிரித்துக்கொண்டே சொன்னார் அக்கா. இவளும் அப்பா விளையாடுகிறார் என்று கெக்கெக்கென்று சிரிக்கிறாள். அப்புறம் தூக்கி என் கையில் கொடுத்து, “சும்மா விளையாட்டுக்குடி, அதுக்கு எதுக்கு இப்படி நடுங்குற?” என்றார். விளையாட்டாகத்தான் இருக்கும். எனக்குத்தான் பயந்த சுபாவம். அன்றையிலிருந்து இவளைக் குளிப்பாட்ட வாளியில் தண்ணீர் ஊற்றினாலே எனக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது.

அவர் கம்பத்துக்கு லோடு போன அன்றைக்குக் கிளம்பினேன். ஒட்டன்சத்திரத்தில் என் அத்தை மகள் வீடு. அங்கே போய்ச் சேர்ந்து நிம்மதியாக மூச்சுக்கூட விடவில்லை, வாசலில் நீல வண்டி. மார்க்கெட்டுக்கு லோடு கொண்டுவருகிறவர் இல்லையா, அவருக்குத் தெரியாத ரோடு கிடையாது. அத்தை மகள் முன்னால் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “வா நாகு, வீட்டுக்குப் போவோம்” என்று பிள்ளையை வாங்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போன பிறகு நடந்ததை இந்தப் பிள்ளை முன்னால் சொல்ல வேண்டாம்.

என்ன அக்கா, வண்டியா? நீலமா? இருங்க, குனிந்துகொள்கிறேன்... பேர் என்ன போட்டிருக்கிறது? ‘முருகன் துணை’யா? தார் இல்லை, தேங்காயா? சரி. சரி. ஒன்றுமில்லை கண்ணு, நீ தூங்கு. அம்மா செருப்பைத் தேடினேன்.

இரண்டாவது தடவை சொந்தக்காரர் வீட்டுக்கே போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்லில் ஆள் எடுக்கிறார்கள், தங்க வீடும் கொடுக்கிறார்கள் என்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டு வந்தார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே வந்துவிட்டேன். கோமங்கலம் தாண்டி வேலாங்காடு. மில்லுக்குப் பின்னால் வரிசையாக லைன் வீடு. நாள் முழுக்கத் தேங்காய் நாரைக் களத்தில் காயப் போட்டுப் புரட்டுகிற வேலை. முடியெல்லாம் தூசி. இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறேன் அக்கா. உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

இவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார் கேட்டாலும் ஊர் தெரியாது, அப்பா பேர் தெரியாது என்று சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் டீச்சர், “உம் பேரு என்ன சாமி?” என்று கேட்டதற்கு, “தெரியாது” என்றுவிட்டாளாம். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை கெட்டிக்காரி.

நானும் அப்படித்தான். வாயைத் திறக்க மாட்டேன். எந்த ஊர் என்று மில்லில் எத்தனையோ பேர் கேட்டும் சொல்லவில்லை. பழனாத்தாளிடம் மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் போனிலிருந்துதான் எப்போதாவது என் தங்கச்சிக்குப் பேசுவேன். போன வாரம் பேசியபோது தங்கச்சி அழுகிறாள். அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவனோடோ ஓடிவிட்டேனாம். எங்கே போனேன், எதற்குப் போனேன் என்று அவருக்கு ஒன்றுமே தெரியாதாம். பிள்ளையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எல்லார் முன்னாலும் அழுதாராம். “பாக்கவே பாவமா இருந்துச்சுக்கா” என்று தங்கச்சியே சொல்கிறாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. போலீஸ் வந்து பிள்ளையைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டால்? கிணறு அங்கேயேதானே இருக்கிறது?

பழனாத்தாள்தான் திட்டினார்கள். “ஏம் புள்ள, எலி மாதிரி பொந்துக்குள்ளயே இருந்தா ஆச்சா? எங்க சின்னம்மா ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு வக்கீலம்மா இருக்குது, பழனிக் கோர்ட்டுல. போய்ப் பாரு. கடிக்க மாட்டாங்க.”

அருள்மேரி என்று பேர். கடிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். கிணற்று விஷயம் வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் சொன்னார்: “பாரும்மா, வழக்கை நான் போடறேன். அதுக்கு முன்னால நீ ஒரு கடுதாசி எழுதி அவனுக்கு அனுப்பணும். எதனால வீட்டை விட்டு வந்தே, பிள்ளை உன்கிட்ட பத்திரமா இருக்கு, கோர்ட்டு கூப்பிட்டா வருவேன்னு உன் கையால எழுது. அப்புறம் அவன் எங்கயும் போய், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிக்க முடியாது.”

எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

“பொட்டியில போட்டா வரவே இல்லைன்னுடுவான். நீ போட்டதுக்கு யாரு சாட்சி? ரிஜிஸ்டர்ல அனுப்பு. உடனே ஒரு ரசீது குடுப்பாங்க. அது நீ அனுப்பினதுக்குச் சாட்சி. கூடவே ஒப்புகை அட்டைன்னு ஒரு கார்டு கேட்டு வாங்கி எழுதிக் குடு. அது அவன் கையெழுத்தை வாங்கிட்டுத் திரும்பி வரும். அது அவன் வாங்கினதுக்குச் சாட்சி. ரெண்டும் நமக்கு வேணும்.”

“அவுக வாங்க மாட்டேன்னுட்டா?” என்று என் செருப்பைப் பார்த்துக் கேட்டேன்.

“மறுத்துட்டார்னு எழுதிக் கவரே திரும்பி வரும். அதுவும் சாட்சிதான். பிரிக்காம என்கிட்ட கொண்டா.”

எப்படிப் போனாலும் சாட்சி! ஆச்சரியமாக இருந்தது அக்கா. எங்கள் வீட்டுக்குள் நடந்த எதற்கும் ஒரு சாட்சி கிடையாது. ஒரு தபாலுக்கு எத்தனை சாட்சி பாருங்க.

கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நோட்டில் ஆறு பக்கம் கிழித்துப் போட்டேன். பழனாத்தாள், “அடுப்புப் பத்த வெக்கவா எழுதுற?” என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு பக்கம் எழுதி இன்றைக்குக் காலையில் வக்கீலம்மாவிடம் காட்டினேன். முதல் வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அன்புள்ள வனராஜ் அவர்களுக்கா?”

கடிதம் என்றால் அப்படித்தானே அக்கா ஆரம்பிக்க வேண்டும்? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வக்கீலம்மா அன்பை அடித்துவிட்டுத் ‘திரு’ என்று போட்டார். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், அன்பு இல்லாமல் எழுதினால் கோபம் வருமே என்று.

கவரில் அனுப்புநர் இடத்தில் தன்னுடைய ஆபீஸ் விலாசத்தைப் போடச் சொன்னார். “உன் ஊர் பேரு ஒரு இடத்துலயும் வரக் கூடாது, புரியுதா? கார்டு திரும்பி வந்ததும் பத்திரமா வை. அதுதான் நம்ம உசுரு” என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடிவிட்டார்.

நானும் ரொம்பக் கவனமாக இருந்தேன் அக்கா. கடிதத்தில் மில் என்ற வார்த்தையே கிடையாது. தென்னை, நார், பொள்ளாச்சி ஒன்றும் கிடையாது. தபாலையும் எங்கள் ஊரில் போடவில்லை பாருங்க. எங்கள் ஊரில் போட்டால் முத்திரையில் ஊர் பேர் விழுந்துவிடும் இல்லையா? பழனி முத்திரை என்றால் யார் கண்டுபிடிப்பார்கள்? உலகத்து ஜனமெல்லாம் வந்து போகிற ஊர். இதை வக்கீலம்மாகூடச் சொல்லவில்லை, நானே யோசித்தது.

போஸ்ட் ஆபீஸில் ஒரே கூட்டம். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். நிமிர்ந்தே பார்க்காமல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்கிறார்கள். என் முறை வந்தது. கவரை நீட்டினேன்.

“சாதாவா, ரிஜிஸ்டரா?”

“கார்டு வெச்சது.”

“அக்னாலெட்ஜ்மெண்டா? எழுதிக் கொண்டாம்மா. உன் போன் நம்பர்?”

போன் இல்லை என்றேன். “இந்தக் காலத்துல போன் இல்லாத ஆளா?” என்று முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்கள். நான் இவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னவோ நான்தான் குற்றவாளி மாதிரி எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், “பழனியாண்டவருக்கா கடுதாசி எழுதுற? எட்டுன தூரத்துலதான மலை இருக்கு, நேராவே போய்ச் சொல்லிரு தாயி” என்றார். எல்லாரும் சிரிக்கிறார்கள். இவளும் சேர்ந்து சிரிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே யார் சிரித்தாலும் சிரித்துவிடுவாள்.

மேடம் கார்டைக் கொடுத்து, பேனா முனையால் காட்டினார்கள். “இந்தப் பக்கம் வாங்குறவங்க பேரு. இந்தப் பக்கம், கார்டு யாருக்குத் திரும்பி வரணுமோ அவங்க அட்ரஸ். தெளிவா எழுது.”

ஓரமாக மேசைக்குப் போனேன். இவள் பசை டப்பாவுக்குள் விரலை விட்டு வாயில் வைக்கப் பார்க்கிறாள். அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் எழுதினேன். ஒரு பக்கம் அவர் பேரும் விலாசமும். இவள் இழுத்த இழுப்பில் வனராஜ் என்பதே வளைந்து போய்விட்டது. இன்னொரு பக்கத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்தேன். வக்கீலம்மா ஆபீஸ் விலாசத்தை எழுதலாமா என்று. அப்புறம் பார்த்தேன், கவர்தானே அவருக்குப் போகிறது, அதில்தான் ஆபீஸ் விலாசம் இருக்கிறதே. கார்டு போவது எனக்கு. எனக்கு வர வேண்டிய கார்டில் என் விலாசம் இல்லாவிட்டால் எப்படி வரும்? அதுதான் உயிர் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அதனால் கார்டில் மட்டும் முழுசாக எழுதினேன். நாகஜோதி, நார் மில் லைன் வீடு, வேலாங்காடு, கோமங்கலம் வழி. பின்கோடுகூட எழுதினேன் அக்கா. அங்கன்வாடிச் சுவரில் எழுதியிருக்கிறதைப் பார்த்து மனப்பாடம் பண்ணியது.

மேடம் வாங்கிப் பார்த்தார்கள். “கையெழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கார்டைக் கவரின் முதுகில் வைத்து, டக் டக்கென்று இரண்டு பின் அடித்து, முத்திரை குத்தி, பின்னால் இருந்த கூடையில் போட்டார்கள். நல்ல பத்திரம். வழியில் கவர் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம் போய்விடக் கூடாது இல்லையா? இதோ ரசீது. கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். கூடையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போகவே மனசில்லை. ஏதோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருந்தது.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கறீங்க?

என்ன அக்கா?

ஆமாம், பின் அடித்துத்தான் போட்டார்கள். அங்கே போனதும் போஸ்ட் ஆபீஸிலேயே கார்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கவரை மட்டும்தானே போஸ்ட்மேனிடம் கொடுத்துவிடுவார்கள்? அவர் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவார், அதைப் பார்த்துக் கார்டில்... அப்படி இல்லையா?

உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா? யார், உங்கள் பங்காளி அனுப்பினாரா, நிலத்து விஷயமாக? எப்படி வந்தது? கவரோடேயே இருந்ததா? கார்டு?

கவரின் முதுகிலேயேவா?

அப்போது நீங்க கையெழுத்துப் போட்டது அந்தக் கார்டிலேயேதானா? கார்டை உங்கள் கையில் கொடுத்தார்களா? திருப்பிப் பார்த்தீங்களா? அனுப்பினவர் விலாசம் அதில் இருந்ததா?

கொஞ்சம் தண்ணீர் இருக்கா அக்கா?

வேண்டாம். குடிக்க முடியவில்லை. பஸ் குலுங்குகிறது, இவள் மேல் கொட்டிவிடும்.

அவர் எதையும் படிக்காமல் விட மாட்டார் அக்கா. கடையில் வடை மடித்துத் தருகிற பேப்பரைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவார். நிதானமாகப் படிப்பார். கையெழுத்துக் கேட்டால் உடனே போட மாட்டார். “இருங்கண்ணே, என்னான்னு பாக்குறேன்” என்பார். கார்டைத் திருப்புவார். நாகஜோதி. நார் மில் லைன் வீடு. பின்கோடு வரைக்கும் படிப்பார். அப்புறம் அழகாகக் கையெழுத்துப் போட்டு, “நன்றிண்ணே” என்று போஸ்ட்மேனிடம் கொடுப்பார். அந்தக் கார்டு எனக்கு வந்து சேர்வதற்கு முன்னால் வண்டி வந்துவிடும் அக்கா. பொள்ளாச்சிச் சந்தைக்கு அவர் எத்தனை லோடு கொண்டுவந்திருக்கிறார்!

நானே எழுதினேன். இந்தக் கையால். கையெழுத்து நல்லா இருக்கு என்று வேறு சொன்னார்கள்.

எத்தனை பத்திரமாக இருந்தேன் அக்கா. முத்திரைக்காகத் தபாலைப் பழனியிலேயே போட்டேன். பிள்ளைக்கு அதன் பேரையே மறக்கடித்தேன்.

வீடு மாற்றிவிடலாமா? இன்றைக்கே? பழனாத்தாளிடம் சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு... எங்கே போவேன்? மறுபடியும் பஸ்ஸில் யாராவது போனில் பேசுவதை ஒட்டுக் கேட்க வேண்டியதுதான். இவளுக்கு இப்போதுதான் அங்கன்வாடியில் ஒரு சிநேகிதம் கிடைத்திருக்கிறது. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்களாம். முட்டையைப் பாதிப் பாதியாகப் பிய்த்துக்கொள்கிறார்களாம்.

உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? வக்கீலம்மா நம்பர் இந்தச் சீட்டில் இருக்கிறது. நீங்களே அடிங்க, இவள் என் கை மேல் தூங்குகிறாள்... போகிறதா? மணி அடிக்கிறதா? எடுக்கவில்லையா? கோர்ட்டுக்குள் இருப்பார். கோர்ட்டில் இருக்கும்போது போனை எடுக்க முடியாது என்று சொன்னார்.

திரும்பவா?

திரும்பப் போய் அந்த மேடத்திடமே கேட்க வேண்டுமா? தருவார்களா அக்கா? ஒரு தடவை கொடுத்துவிட்டால் அது அரசாங்கத்துக்குச் சொந்தம் இல்லையா? தபால் பை கட்டுவதற்கு முன்னால் கேட்டால், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினவர்களுக்குத் திருப்பித் தருவார்களா? உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? உங்கள் மருமகன் அப்படி வாங்கினாரா? ரசீது கேட்பார்களா? அது இருக்கிறது. அடையாள அட்டை? ஆதார் இருக்கிறது. அதில் அவர் வீட்டு விலாசம்தான் இருக்கிறது. ஆனால் பேரும் முகமும் நான்தான்.

பை... அந்தப் பெரியவர் கேட்டார் அக்கா. என் பின்னால் நின்றவர். “இன்னிக்கே போயிருமா?” என்று. “சாயங்காலம்தான் பை போகும்” என்று மேடம் சொன்னார்கள். என் காதில் விழுந்தது. இப்போது மத்தியானம்தானே ஆகிறது? சாமிநாதபுரம் தாண்டிவிட்டோமா? அடுத்து மடத்துக்குளமா? அங்கே இறங்கினால் பழனிக்கு உடனே பஸ் கிடைக்குமா?

வேறு வழியே இல்லையா? அந்த மேடத்திடமே மறுபடியும் போய் நிற்க வேண்டுமே அக்கா. கூட்டத்தில் போய், எல்லார் முன்னாலும், நான் முட்டாள்தனம் பண்ணிவிட்டேன் என்று... சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே சிரிப்பார்கள், அவ்வளவுதானே. இங்கே அவர் சிரித்துக்கொண்டே வருவார்.

என்ன சொல்றீங்க? வாங்கிக் கிழித்துப் போட்டுவிடவா?

இல்லைக்கா. அது மாட்டேன். கடுதாசி போகணும். கிணற்றுச் சுவரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறேன். அவரிடம் நான் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசினதில்லை. ‘அது விளையாட்டு இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதத்தான் அந்த ஆறு பக்கமும் கிழித்தது. அது அவர் கைக்குப் போய்ச் சேரணும், அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடணும். விலாசம் மட்டும் வேறே எழுதிவிடுகிறேன். கார்டிலும் வக்கீலம்மா ஆபீஸ். என் கைக்கு வராவிட்டால் பரவாயில்லை, அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். திரும்ப முதலிலிருந்து ரிஜிஸ்டர் பண்ண வேண்டும் என்றாலும் பண்ணுகிறேன்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. இவளைத் தோளில் போட்டுக்கொள்கிறேன். எழுந்திரு கண்ணு... வேண்டாம், தூங்கட்டும். இறங்கும்போது நீங்கள் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தால் போதும். கண்டக்டரிடம் சொல்லியாச்சு, நிறுத்துவார்.

அக்கா, மடத்துக்குளம் வருவதற்குள் எனக்கு ஒன்று செய்யுங்க. நீங்க அந்த மேடமா இருங்க. முன் சீட்டைக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பாருங்க. என்னைப் பார்க்காதீங்க. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மேடம்.

இல்லை, நிமிராதீங்க. அவர்கள் உடனே நிமிர மாட்டார்கள்.

மேடம், நான் காலையில் ஒரு தபால்... தப்பா எழுதி... இருங்க. முதலிலிருந்து சொல்கிறேன்.

மேடம், நான் காலையில் கொடுத்த ரிஜிஸ்டர் தபால் இன்னும் பையில் ஏறலை. அதை எடுத்துக் கொடுங்க. கார்டில் விலாசம் மாத்தணும். மாத்தின உடனே திரும்ப உங்ககிட்டயே கொடுக்கிறேன். முடியாதுன்னு சொல்லாதீங்க. முடியும்னு எனக்குத் தெரியும். எழுதிக் கேட்டால் எழுதித் தர்றேன், எனக்கு எழுதத் தெரியும். இதோ ரசீது. அனுப்பினது நான்தான், மேடம்.